பட்டை என்று தோன்றும் கல்

கல்லாகிப்போன மரத்துண்டைக் கையில் எடுப்பவர் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "பட்டைகூட அப்படியே இருக்கிறது பாருங்கள்." அநேகமாக அது பட்டையாக இருப்பதில்லை. நீளவாக்கில் ஓடும் வரிகள், வெயிலில் வெடித்தது போன்ற விரிசல்கள், செதில்செதிலாகப் பெயரும் மேற்புறம், செம்பழுப்பு நிறம் எல்லாம் கூடிக் கண்ணை நம்பவைக்கின்றன. தாவரப் புதைபடிவங்களை அடையாளம் காண்பதில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இப்படி மேற்பரப்பைப் பார்த்தே பெயர் சொல்லிவிடும் அவசரத்தில் பிறக்கிறது. ஆர்வலர்கள் மட்டுமல்ல, பெரிய அறிஞர்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள்.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையை எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 1781-லேயே பதிவுசெய்த இடம் இது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1940-ல் இங்கே தேசியக் கல்மரப் பூங்காவை அமைத்தது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயதுள்ள சுமார் 200 மரத்தண்டுகள் கடலூர் மணற்பாறையில் படுத்துக் கிடக்கின்றன. சில 15 மீட்டர் நீளம். அசுரனின் எலும்புகள் என்று ஊரில் வழங்கும் கதையும் உண்டு. நீண்டு உருண்டு வெளிறிக் கிடக்கும் தண்டுகளைப் பார்த்தால் அந்தக் கதை ஏன் பிறந்தது என்பது புரியும். அங்கே போகிறவர்கள் பலர் "பட்டை, கணு எல்லாம் தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டே படம் எடுக்கிறார்கள். ஆனால் நிலவியலாளர்கள் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லும் முக்கியமான செய்தியே வேறு: இந்தத் தண்டுகளில் கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை, பட்டையும் இல்லை. மரங்கள் அங்கேயே நின்று கல்லாகவில்லை. எங்கோ விழுந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்தவை அவை. பட்டை இல்லாமல் இருப்பதே அந்தப் பயணத்துக்குச் சாட்சி.

பட்டை ஏன் இவ்வளவு எளிதில் போய்விடுகிறது? கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு இருக்கிறது. மரம் செத்தபின் முதலில் அழுகுவது இதுதான். அது அழுகியதும் பட்டை கழன்றுகொள்கிறது. ஆற்றுத் தண்ணீரும் கூழாங்கல்லும் மிச்சத்தைத் தேய்த்துவிடுகின்றன. பிறகு மண்ணுக்குள் இருக்கும் கட்டைக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறுகிறது. செல்லின் உட்புறத்திலும் சுவரிலும் சிலிக்கா படிந்து, நாளடைவில் கால்செடனியாகவும் குவார்ட்ஸாகவும் இறுகுகிறது. வெளியே வந்தபின் வெயிலும் மழையும் அதைத் தின்னும்போது, கட்டையின் நார்ப்போக்கில்தான் விரிசல் விடுகிறது. இரும்புச்சத்து துருவேற்றி நிறம் கொடுக்கிறது. நாம் பட்டை என்று தடவிப் பார்ப்பது மழையில் அரித்த கட்டை.

சோதிக்க ஒரு வழி உண்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். மேற்பரப்பை விட்டுவிட்டு உடைந்த முனையைப் பார்க்க வேண்டும். வெளிப்புறத்தில் தெரியும் வரிகள் உள்ளேயும் அதே போக்கில் தொடர்ந்தால் அது கட்டை. உண்மையான பட்டையென்றால் ஓர் எல்லைக்கோடு தெரியும்: உள்ளே ஒழுங்கான ஆரக்கதிர்களும் வளையங்களும், கோட்டுக்கு வெளியே முற்றிலும் வேறு இழையமைப்பு. அப்படிப்பட்ட துண்டுகள் இல்லாமலில்லை. அரிது, அவ்வளவுதான்.

இந்த விதிக்கு ஒரு மாபெரும் விலக்கு இருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய கழிவுக்கல் மேடுகளில் சாய்சதுரக் கட்டங்கள் வரிசையாகப் பதிந்த கற்கள் கிடைக்கும். கண்டெடுத்தவர் பாம்புத்தோல் என்றோ முதலைத்தோல் என்றோ அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவார். அது உண்மையிலேயே மரப்பட்டை. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே, கார்பானிஃபெரஸ் காலச் சதுப்புக்காடுகளில் நின்ற லெபிடோடென்ட்ரான் மரத்தினுடையது. 1820-ல் ஸ்டெர்ன்பெர்க் இட்ட பெயர். இன்றைய மரங்களில் தண்டின் பெரும்பகுதி கட்டை, பட்டை ஓர் உறை. இந்த மரத்தில் கணக்கு தலைகீழ். நடுவில் ஒடுங்கிய கட்டைத் தூண் ஒன்று. மீதியெல்லாம் பட்டைத் திசு. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரத்தைத் தாங்கி நின்றது அந்தப் பட்டைதான். அழுகலையும் அதுவே தாங்கியது. அதனால்தான் கட்டை மறைந்துபோய்ப் பட்டை புதைபடிவமானது.

இந்த மரத்துக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு ஐசோயிட்டஸ் என்ற, புல்லைப் போன்ற குட்டைச் செடி. அதில் ஓர் இனத்துக்கு ஐசோயிட்டஸ் கோரமாண்டலினா என்று நம் சோழமண்டலக் கரையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் குட்டைகளில் முளைக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

லெபிடோடென்ட்ரானின் சாய்சதுரம் ஒவ்வொன்றும் ஓர் இலை உட்கார்ந்திருந்த மேடை. இலை உதிர்ந்த இடத்தில், மேடையின் மேற்பாதியில், சிறிய தழும்பு இருக்கும். தழும்புக்குள் மூன்று புள்ளிகள்: நடுவில் இருப்பது நீர் போன குழாய்க்கற்றை; இருபுறமும் இருப்பவை காற்றுத்திசு. தழும்புக்குச் சற்று மேலே லிக்யூல் என்ற சிறு செதில் இருந்த குழி. இவ்வளவும் ஒரு கல்லில் தெரிந்தால் விவாதத்துக்கு இடமில்லை. எந்த ஊர்வனவின் செதிலிலும் மூன்று புள்ளித் தழும்பு கிடையாது. லெபிடோடென்ட்ரானின் உறவான சிஜில்லேரியாவில் தழும்புகள் நேர்க்கோட்டில் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும். பெரும்பாலும் இடையிடையே முகடுகள் ஓடும். வட்டத் தழும்புகள் இடைவெளி விட்டுச் சுருள்போக்கில் இருந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி தெரிந்தால், அது தண்டல்ல, வேர்ப்பகுதி. ஸ்டிக்மேரியா என்று பெயர். நிலக்கரி அடுக்குக்குக் கீழுள்ள களிமண் படுகையில் நிறையக் கிடைக்கும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், புதைவதற்கு முன் பட்டை எவ்வளவு உரிந்தது என்பதைப் பொறுத்து அதே மரம் வேறுவேறு முகம் காட்டுகிறது. மேல்தோல் மட்டும் போனால் மேடைகள் இருக்கும், தழும்பு இருக்காது. இன்னும் ஆழமாக உரிந்தால் மேடையும் போய், நீண்ட முளைகள் மட்டும் சாய்வாக நிற்கும். இந்த நிலைகளைத் தனித்தனிச் செடிகள் என்றெண்ணி அந்தக் காலத்தில் பெர்ஜேரியா, ஆஸ்பிடேரியா, நோரியா என்று பெயர் வைத்தார்கள். உரிந்த சிஜில்லேரியாவுக்கும் சிரிங்கோடென்ட்ரான் என்று தனிப்பெயர். உரிந்த அளவுக்கெல்லாம் பெயர் கொடுத்ததை வேடிக்கை என்று இன்று சொல்லலாம். ஆனால் நோரியா நிலையில் இருக்கும் துண்டிலிருந்து எந்த இனம் என்று சொல்லவே முடியாது என்பதால், அந்தப் பெயர் ஒரு நேர்மையான ஒப்புதலாகவும் இருக்கிறது: இதற்குமேல் இந்தக் கல் பேசாது.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் விக்டோரியா பூங்காவில், பழைய கல்குவாரி ஒன்றில் 1887-ல் பாதை அமைக்கத் தோண்டியபோது 11 மரஅடிகள் நின்ற நிலையிலேயே வெளிப்பட்டன. ஃபாஸில் குரோவ் என்ற அந்த இடத்தை இன்றும் கூரைக்குள் வைத்துக் காக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது கல்லாகிப்போன மரம். உண்மையில் அங்கே மரம் ஒரு துளியும் இல்லை. உட்புறம் அழுகி வெறும் பட்டைக் குழாய் நின்றது. அதற்குள் மணலும் சேறும் நிரம்பி இறுகின. பட்டை அச்சு, மணல் அதில் ஊற்றிய வெல்லப்பாகு. நாம் பார்ப்பது பட்டையின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டிருந்த மணலின் முகம். கனடாவின் ஜாகின்ஸ் கடற்பாறைகளில் இதேபோன்ற உள்ளீடற்ற தண்டுகளுக்குள் 1852-ல் சார்லஸ் லயலும் வில்லியம் டாசனும் சிறு நாலுகால் விலங்குகளின் எலும்புகளைக் கண்டார்கள். மரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்திருந்தால் அவை கைநழுவிப் போயிருக்கும்.

கலமைட்டஸ் இன்னொரு உதாரணம். கணுக்கணுவாக, நெடுக முகடு ஓடிய உருளைக் கல். கண்டெடுத்தவர் மூங்கில் என்றோ கரும்பு என்றோ சத்தியம் செய்வார். அது குதிரைவால் (ஈக்விசீட்டம்) செடிகளின் உறவான மரம். அந்தக் கல் பெரும்பாலும் தண்டின் வெளிப்புறமே அல்ல. தண்டின் நடுவில் உள்ளீடற்றிருந்த துளைக்குள் சேறு புகுந்து உறைந்த வார்ப்பு. முகடுகள் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போகும்போது மாற்றி மாற்றி அமைந்திருப்பதே இதன் அடையாளம். மூங்கிலில் அப்படி இருக்காது. தவிர மூங்கில் புல்லினம். கார்பானிஃபெரஸ் பாறையில் புல்லைத் தேடுவதே வீண்.

அந்தக் கடைசி வாதத்தைத்தான் ஆர்வலர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்று நினைக்கிறேன். கல் எந்தப் பாறையில் கிடைத்தது என்பது கல்லின் உருவத்தைவிடப் பெரிய சாட்சி. படங்கள் நிறைந்த மேல்நாட்டுக் கையேட்டைப் பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டுப் பாறையில் சாய்சதுரம் தேடுகிறவர்கள் உண்டு. லெபிடோடென்ட்ரான் காடுகள் நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பச் சதுப்புகளில் இருந்தன. அப்போது இந்தியா கோண்டுவானாக் கண்டத்தோடு ஒட்டித் தென்துருவப் பக்கம் பனிப்பாறைகளோடு கிடந்தது. பனி விலகியபின் இங்கே செழித்தது குளோசாப்டெரிஸ்: நாக்கு வடிவ இலை, நடுநரம்பு, இருபுறமும் வலைப்பின்னல் நரம்புகள். ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரி அதன் சொத்து. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர் படிவுகளின் வெளிர்நிறக் களிப்பாறையைப் பிளந்தால் கிடைக்கக்கூடியது டிலோஃபில்லம், சீப்புப் பற்கள்போலச் சிற்றிலைகள் அடுக்கிய தொடக்கக் கிரெட்டேசியஸ் கால இலை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் தண்டு, கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவில் கிடக்கும் ஊசியிலை மரம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும் நைஸ், சார்னோகைட் பாறைகளிலோ தாவரப் படிவத்துக்கு வாய்ப்பே இல்லை. அவை உருவான காலத்தில் மரம் என்ற ஒன்று உலகில் கிடையாது.

அங்கே கிடைப்பவை போலிகள். கல்லின் பிளவில் பாசியோ பெரணியோ படர்ந்ததுபோல் தெரியும் கறுப்புக் கிளைகள் மாங்கனீசு ஆக்சைடின் படிகங்கள். இலைக்கு நரம்பு இருக்கும், இவற்றுக்கு இருக்காது. நார்நாராகப் பிரியும் ஆம்பிபோல் கனிமங்கள் விறகைப்போலவே இருக்கும். கடலோர மணல்மேடுகளில் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்த குழாய்கள் கிடைக்கும். வேர் உண்மை, ஆனால் கோடிக்கணக்கான ஆண்டு வயதெல்லாம் அதற்குக் கிடையாது. சில துளி அமிலம் விட்டால் நுரைக்கும். சிலிக்காவாகிய கட்டை நுரைக்காது, கண்ணாடியைக் கீறும், அதே அளவு விறகைவிடப் பல மடங்கு கனக்கும். நெய்வேலி பழுப்பு நிலக்கரிக்குள் வரும் மரத்துண்டுகள் இதற்கு நேர் எதிர். கல்லாகாமல், எரியக்கூடியவையாகவே இருக்கின்றன.

கல்மரம்தான் என்று உறுதியானபின் என்ன மரம் என்ற கேள்வி வருகிறது. இங்கே கைலென்ஸ் தோற்றுப்போகிறது. 1831-ல் ஹென்றி விதம் என்ற ஆங்கிலேயர், வில்லியம் நிக்கலின் முறையைப் பின்பற்றிக் கல்மரத்தை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய வில்லையாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்த முடிவுகளை நூலாக வெளியிட்டார். எடின்பரோவின் கிரெய்க்லீத் குவாரியில் கிடைத்த பெருந்தண்டுகளின் வெட்டில் ஊசியிலை மரங்களைப் போன்ற செல்வரிசை தெரிந்தது. இன்று அந்த வில்லையின் தடிமன் சுமார் 0.03 மில்லிமீட்டர். ஒரு வெட்டு போதாது, மூன்று வேண்டும்: தண்டுக்குக் குறுக்கே ஒன்று, மையத்திலிருந்து ஆரப்போக்கில் ஒன்று, ஆரத்துக்குச் செங்குத்தாக நெடுக்கில் ஒன்று. குறுக்குவெட்டில் பெரிய துளைகள் தெரிந்தால் அவை நீர்க்குழாய்கள். அநேகமாகப் பூக்கும் தாவரம். துளையே இல்லாமல் ஒரே அளவுச் செல்கள் வரிசைகட்டினால் ஊசியிலை வகை. வளையமோ ஆரக்கதிரோ இல்லாமல் புள்ளிபுள்ளியாகக் கற்றைகள் சிதறிக் கிடந்தால் பனைக்குடும்பம். இது ஒன்றைத்தான் வெறும் கண்ணாலும் ஓரளவு சொல்லலாம். மற்ற இரு வெட்டுகளும் ஆரக்கதிர் எத்தனை செல் அகலம், செல்சுவரின் குழிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைக் காட்டும்.

திருவக்கரையையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிய அறிவு இப்படித்தான் வந்தது. சி. ஜி. கே. ராமானுஜம் 1950களில் கடலூர்ப் படிவுகளின் கட்டைகளை வெட்டி விவரித்தார். புளி, மருது, புன்னை ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களோடு டிப்டெரோகார்ப் குடும்பமும் அந்தப் படிவுகளில் வெளிப்பட்டது. சால், குங்கிலிய மரங்களின் குடும்பம் அது. இன்று தெற்கே மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் அதைப் பார்க்கலாம். விழுப்புரத்துச் செம்மண்ணில் பார்க்க முடியாது. அந்தத் தண்டுகள் எந்தக் காட்டிலிருந்து மிதந்து வந்தனவோ, அது இன்றைய விழுப்புரத்தைவிட நல்ல மழை பெற்ற காடு. இவ்வளவும் பட்டையென்று நாம் ரசிக்கும் மேற்பரப்பில் எங்கும் எழுதியில்லை.

வில்லையும் தவறாமல் உண்மை சொல்லும் என்பதில்லை. கிரெய்க்லீத் மரம் ஊசியிலை வகையென்று முதலில் எண்ணப்பட்டது. பிற்காலத்தில் பிட்டிஸ் என்ற பெயரில் விதைப்பெரணிகளோடு சேர்க்கப்பட்டது. பீர்பல் சானி 1932-ல் ராஜ்மகால் குன்றுகளின் கட்டை ஒன்றை விவரித்தார். நீர்க்குழாய் இல்லாத அதன் அமைப்பு, இன்றும் வாழும் சில தொன்மையான பூக்கும் மரங்களின் கட்டையை ஒத்திருந்தது. ஹோமோக்சைலான் என்று பெயர் வைத்தார். பூக்கும் தாவரங்களின் மூதாதையே கிடைத்ததுபோல் பேசப்பட்டது. பின்னர் அது பென்னட்டைட்டேலீஸ் போன்ற, பூக்காத விதைத் தாவரங்களின் பக்கம் நகர்த்தப்பட்டு, சானியாக்சைலான் என்று அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. இந்தியத் தொல்தாவரவியலின் தந்தைக்கே ஒரு கட்டை இப்படிப் போக்குக் காட்டியது.

அடிப்படைச் சிக்கல், ஒரு மரம் முழுதாகக் கிடைப்பதே இல்லை என்பது. இலை ஓரிடம், விதை ஓரிடம், தண்டு ஓரிடம் கிடைக்கும், கிடைத்ததற்கெல்லாம் தனிப்பெயர். இங்கிலாந்தின் லங்காஷயரில் சுரங்கத்தார் வேண்டாமென்று எறிந்த நிலக்கரி உருண்டைகளுக்குள் தாவரங்கள் செல் செல்லாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தேடிப் பொறுக்கி வெட்டி மெருகேற்றியவர்களில் உழைக்கும் மக்கள் பலர். அந்த வெட்டுகளை வைத்து 1903-ல் ஆலிவரும் ஸ்காட்டும் ஒரு முடிச்சை அவிழ்த்தார்கள். லாஜினோஸ்டோமா லோமாக்ஸி என்ற விதையைச் சூழ்ந்த உறையில், காம்பின்மேல் உருண்டைத் தலை வைத்த சுரப்பிகள் இருந்தன. அச்சு அசலாக அதே சுரப்பிகள், பெரணியென்று எல்லோரும் நம்பியிருந்த ஒரு செடியின் தண்டிலும் இலைக்காம்பிலும் இருந்தன. அந்தத் தண்டுக்கு ஒரு பெயர், வேருக்கு ஒரு பெயர், இலைக்கு ஒரு பெயர், காம்புக்கு ஒரு பெயர், விதைக்கு ஒரு பெயர் என்று ஐந்து பெயரில் உலவியது ஒரே செடி. பெரணி இலையோடு விதை! கார்பானிஃபெரஸ் காலத்தைப் பெரணிகளின் காலம் என்று சொல்லிவந்தவர்கள் பாடத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்த விதையின் பெயரில் இருக்கும் ஜேம்ஸ் லோமாக்ஸ், கல்லை வெட்டி வில்லை செய்து கொடுத்தவர்.

நியூயார்க் மாநிலத்தின் கில்போவாவில் இன்னும் நீண்ட காத்திருப்பு. 1869 வெள்ளத்தில் மரஅடிகள் வெளிப்பட்டன. சுமார் 38 கோடி ஆண்டுப் பழமை. மேலே எப்படி இருந்திருக்கும் என்பதற்கு விடை 2007-ல்தான் அச்சேறியது. அருகில் தண்டோடு இணைந்த உச்சி கிடைத்தது. அது வேறு கண்டத்திலிருந்து வாட்டீசா என்ற பெயரில் ஏற்கனவே அறியப்பட்டிருந்த செடி.

கண்டுபிடித்தவர் யார், பெயர் சொன்னவர் யார் என்று பிரித்துப் பார்த்தால், முதல் வரிசையில் ஆர்வலர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ரைனி ஊரில் 1912 வாக்கில் வயல் சுவர்களில் அடுக்கியிருந்த கற்களில் தாவரத் தண்டுகளைக் கவனித்த வில்லியம் மக்கி ஒரு மருத்துவர். நிலத்தில் வேரூன்றிய ஆரம்பகாலச் செடிகளை, சுமார் 40 கோடி ஆண்டுக்குப் பிறகும் செல்சுவர் கலையாமல் காட்டும் கற்கள் அவை. கிட்ஸ்டனும் லாங்கும் 1917 முதல் 1921 வரை அவற்றை விவரித்தார்கள். ஒரு செடிக்கு ஆஸ்டெராக்சைலான் மக்கியை என்று பெயர் சூட்டினார்கள். மத்தியப் பிரதேசத்தின் குகுவா கல்மரப் பூங்காவின் கதையும் இதே வகை. மண்ட்லா மாவட்டப் புள்ளியியல் அலுவலராக இருந்த தர்மேந்திர பிரசாத் 1970களில் அங்கே கவனத்தைத் திருப்பினார். ஜபல்பூர் கல்லூரியையும் லக்னோவின் பீர்பல் சானி நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பிறகு அடையாளம் கண்டார்கள்.

மக்கி செய்ததில் கற்றுக்கொள்ள வேண்டியது கூர்மையான கண்ணை மட்டுமல்ல. அவர் அந்த வட்டாரத்தின் பாறைகளை வரைபடமாக்கிக்கொண்டிருந்தவர். கற்கள் எந்த நிலத்தில், எந்தப் பாறையோடு சேர்ந்தவை என்பதை அறிந்திருந்தார். கிடைத்த இடத்தையும், உடன் கிடந்த பாறையையும், அளவுகோல் வைத்து எடுத்த படத்தையும் தருகிற ஆர்வலரை எந்தத் தொல்தாவரவியலாளரும் வரவேற்பார். திருவக்கரை போன்ற காக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. அங்கே படமும் குறிப்பும்தான் வழி. சாலைக்குக் கொட்டிய ஜல்லியில் கிடைத்த துண்டென்றால், லாரி எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. கழுவி மெருகேற்றி அலமாரியில் வைத்த கல்லுக்கு ஊர்ப்பெயர் தொலைந்துவிட்டால், அதைத் திருவக்கரையின் 2 கோடி ஆண்டில் வைப்பதா, சாத்தனூரின் கிரெட்டேசியஸில் வைப்பதா என்று பார்வையால் யாரும் சொல்ல முடியாது. இரண்டும் சிலிக்கா, இரண்டும் செம்பழுப்பு, இரண்டின் மேலும் பட்டை இருப்பதுபோலவே தோன்றும்.